கால் இஞ்ச் ஊர்

ஒஹாயோ நதியோடு டென்னசி நதி வந்து கலக்கும் இடத்தில் இருக்கிறது படூகா. கென்டக்கி மாநிலத்தின் மேற்குக் கோடி. நாஷ்வில்லில் விமானத்தை விட்டு இறங்கி, ஐ-24 நெடுஞ்சாலையைப் பிடித்து வடமேற்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் காரில் போக வேண்டும். ஏப்ரலில் போனால் தெருத்தெருவாக டாக்வுட் மரங்கள் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்கும். மக்கள்தொகை 27,000 சொச்சம். ஆனால் அந்த மாதத்தில் ஒரு வாரம் மட்டும் ஊரில் தங்க இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஊர் ஜனத்துக்கு ஈடான கூட்டம் வெளியிலிருந்து வந்து இறங்கிவிடுகிறது. பெரும்பாலும் பெண்கள், அதிலும் பாதிக்கு மேல் நரைத்த தலைகள். நான் ஒரு வீட்டு மாடியறையில் தங்கினேன். பக்கத்து அறைகளில் இருந்தவர்கள் எல்லாரும் தையல் மெஷினோடு வந்திருந்தார்கள்.

இவ்வளவு பேரும் வருவது க்வில்ட் என்ற ஒட்டுத்துணிப் போர்வைக்காக. சின்னச் சின்னத் துண்டுகளாகத் துணியை வெட்டி, அவற்றை ஒன்றோடொன்று இணைத்து மேல்துணி செய்வார்கள். நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் இன்னொரு துணி. மூன்றையும் சேர்த்துத் தைத்தால் க்வில்ட். நம் வீடுகளில் பழைய புடவைகளை மடித்து அடுக்கிக் கைக்குழந்தைக்குத் தைக்கிறோமே, அதற்குத் தூரத்து உறவு. இங்கே அது ஒரு பெரிய கலையாக வளர்ந்து நிற்கிறது. அந்தக் கலை முழுவதும் எந்த அளவின் மேல் நிற்கிறதோ அந்த அளவைப் பார்க்கத்தான் நான் போனேன். கால் இஞ்ச். மில்லிமீட்டர் கணக்கில் 6.35.

படூகாவுக்கு க்வில்ட் ஊர் என்ற பெயர் வந்தது அதிக காலத்துக்கு முன்பல்ல. 1937-இல் ஒஹாயோ நதியில் வந்த பெருவெள்ளம் ஊரை மூழ்கடித்தது. பிறகு கட்டிய வெள்ளத் தடுப்புச் சுவர் இன்றும் நதிக்கரை நெடுக நிற்கிறது. அதன் மேல் ஓவியர் ராபர்ட் டாஃபர்டும் அவர் குழுவும் ஊரின் கதையைப் படம் படமாகத் தீட்டியிருக்கிறார்கள். க்வில்ட் வருமுன் இது படகும் ரயிலுமாக இருந்த ஊர். 1984-இல் பில், மெரிடித் ஷ்ரோடர் என்ற உள்ளூர்த் தம்பதி அமெரிக்கன் க்வில்ட்டர்ஸ் சொசைட்டி என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். மறு ஆண்டே முதல் கண்காட்சி. 1991-இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். 2008-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதைத் தேசிய க்வில்ட் அருங்காட்சியகமாக அங்கீகரித்தது. 2013-இல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்கள் பட்டியலில், கைவினைப் பிரிவில், படூகாவைச் சேர்த்தது. அரசு ஆணையோ பெரிய முதலாளியோ இல்லாமல், போர்வை தைப்பவர்களை நம்பி ஓர் ஊர் தன்னை மாற்றிக்கொண்டது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

அருங்காட்சியகம் ஜெஃபர்சன் தெருவில் இருக்கிறது. உள்ளே வெளிச்சம் குறைவு. சாயம் வெளுத்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி. கண் பழகியதும் சுவர்கள் ஒவ்வொன்றாக நிறம் கொள்கின்றன. கரில் ப்ரையர் ஃபாலர்ட் 1989-இல் செய்த ‘கரோனா 2: சோலார் எக்லிப்ஸ்’ முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். சூரிய கிரகணம். நடுவில் கறுப்பு வட்டம், அதிலிருந்து ஒளி பீறிட்டுச் சுழல்கிறது. அவரே சாயம் தோய்த்த துணிகள். அந்த ஆண்டு கண்காட்சியின் முதல் பரிசு அதற்குத்தான். மெஷினில் க்வில்ட் செய்த ஒன்று அந்தப் பரிசை வாங்கியது அதுவே முதல் முறை. கையால் தைத்தால்தான் கலை என்று நம்பிய காலம் அது. இன்று ஏப்ரல் கண்காட்சியில் மெஷின் தையல்தான் எங்கும். ஒரு க்வில்ட் ஒரு துறையின் நம்பிக்கையையே மாற்றியிருக்கிறது.

இன்னொரு மூலையில் ஆணியில் மாட்டித் தொங்கும் க்வில்ட் ஒன்று. மடிப்புகள் இயல்பாக விழுந்திருக்கின்றன. கிட்டே போனால்தான் தெரிகிறது, அது துணியே இல்லை, மரம். ஃப்ரேசர் ஸ்மித் என்ற சிற்பி மரத்தில் செதுக்கி வண்ணம் தீட்டியது. துண்டுகள் சேரும் பள்ளம்கூடச் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் அது க்வில்ட் ஆகாது என்று அந்தச் சிற்பிக்குத் தெரிந்திருக்கிறது.

கண்காட்சி அரங்கில் வெள்ளைக் கையுறை போட்ட தொண்டர்கள் நடமாடிக்கொண்டே இருப்பார்கள். யாரும் க்வில்ட்டைத் தொடக் கூடாது. கேட்டால் அவர்கள் ஓரத்தைப் பிடித்துத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டுவார்கள். நானும் கேட்டேன். அடித்துணியும் அதன் மேல் ஓடிய அலங்காரத் தையலும் தெரிந்தன. துண்டுகளை இணைத்த தையல் தெரியவில்லை. தெரியவும் தெரியாது. அது மேல்துணிக்கும் பஞ்சுக்கும் நடுவில் போய்விட்டது. அந்தக் கால் இஞ்ச்சைப் போர்வை கிழிகிற காலம் வரை யாரும் பார்க்கப்போவதில்லை. பார்க்க வேண்டுமானால் தைக்கிற இடத்துக்குப் போக வேண்டும்.

ஊருக்குள் ஒரு கடையின் பின்கட்டில் துண்டு இணைப்பு வகுப்பு நடந்தது. நீள மேசைகள், ஆளுக்கொரு மெஷின், சுவரோரமாக இஸ்திரிப் பலகைகள். சொல்லிக்கொடுத்த அம்மையாருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கென்டக்கிக்காரர்கள் எல்லாரையும் அழைப்பதுபோல் என்னையும் ‘ஹனி’ என்றே அழைத்தார்.

“ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டிக்கொள், ஹனி. நீளம் உன் இஷ்டம்” என்றார்.

“எந்தத் துணியில், மேடம்?”

“தைக்கப்போகிற அதே துணியில். நூலும் அதே நூல். சோதனைக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் சோதனையே வீண்.”

கணக்கு எளிது. மூன்று பட்டைகளையும் பக்கம் பக்கமாகத் தைத்து, தையலை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தேய்த்த பிறகு, நடுப்பட்டை சரியாக ஒரு இஞ்ச் இருக்க வேண்டும். மொத்த அகலம் மூன்றரை. அம்மையாரே மூன்று விதமாகத் தைத்துக் காட்டினார். முதலில், மெஷினோடு வரும், துணியை அமுக்கிப் பிடிக்கும் சாதாரணக் காலின் ஓரத்தைத் துணி ஓரத்தோடு சேர்த்து ஓட்டினார். அந்தக் கால் கொஞ்சம் அகலம். நடுப்பட்டை ⅞ இஞ்ச்தான் வந்தது. அடுத்தது, ஸ்கேல் வைத்து அளந்து துல்லியமாகக் கால் இஞ்ச். நான் ஒரு இஞ்ச் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் அளவுகோலைப் பட்டையின் மேல் வைத்து என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். துணியின் ஓரம் கோட்டைத் தொடவில்லை. ஒரு நூலிழை குறைவு. மூன்றாவதை, கால் இஞ்ச்சுக்கு ஒரு நூல் குறைவாகத் தைத்தார். தேய்த்து, அளவுகோல் வைத்தார். இரண்டு தையலும் இரண்டு கோட்டின் மேல் போய் உட்கார்ந்தன. ஒரு இஞ்ச்.

காரணம் மடிப்பு. தைத்த துணியைத் திருப்பித் தேய்க்கும்போது அது நூலின் மேல் ஏறி வளைந்து மடிகிறது. துணியின் கனமும் நூலின் கனமும் அந்த வளைவுக்குள் கொஞ்சம் இடத்தைத் தின்றுவிடுகின்றன. அந்த இடத்தை முன்கூட்டியே விட்டுத் தைக்க வேண்டும். க்வில்ட் தைக்கிறவர்கள் சொல்லும் கால் இஞ்ச் உண்மையில் கால் இஞ்ச்சுக்குச் சற்றுக் குறைவானது. அது மெஷினில் பொறித்த கோட்டில் இல்லை; தேய்த்து முடித்த துணியில் இருக்கிறது. துணி மாறினால், நூல் மாறினால், அதுவும் ஒரு இழை மாறும். அதனால்தான் இவர்கள் 50-ஆம் நம்பர் மெல்லிய பருத்தி நூலைத் தேடி வாங்குகிறார்கள். ஊசியும் மெல்லியது, 70 அல்லது 80.

ஒரு நூலிழைக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். அந்த வகுப்பில் கிடைத்த கணக்கு இது. இரண்டரை இஞ்ச் சதுரமாக வெட்டிய துண்டு, நான்கு பக்கமும் தைத்த பின் இரண்டு இஞ்ச்சாகத் தெரியும். அப்படி ஒன்பது துண்டுகளை மூன்று வரிசையாகச் சேர்த்தால் ஆறரை இஞ்ச் கட்டம் ஒன்று கிடைக்கும். அதன் பக்கத்தில் ஒட்டே இல்லாத ஆறரை இஞ்ச் முழுத்துண்டு ஒன்றைச் சேர்க்க வேண்டும். தையல் 1/32 இஞ்ச், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, உள்ளே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தையலும் இரண்டு துண்டிலிருந்தும் எடுப்பதால் ஒரு தையலுக்கு 1/16 இஞ்ச் போகிறது. ஒன்பது துண்டுக் கட்டத்தின் குறுக்கே இரண்டு தையல். ஆகவே அது 6⅜ இஞ்ச்தான் வரும். முழுத்துண்டு அதே ஆறரை. எட்டில் ஒரு பங்கு இஞ்ச் இடிக்கிறது. இழுத்துப் பிடித்துத் தைத்துவிடலாம். ஆனால் ஒரு படுக்கைப் போர்வையில் இப்படிப்பட்ட கட்டங்கள் பல டஜன் உண்டு. கடைசியில் போர்வை சமமாகப் படியாது. ஒரு பக்கம் உப்பும், ஓரம் அலை அலையாக நிற்கும். எல்லாத் தையலையும் ஒரே அளவில் தவறாகத் தைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வது இதனால்தான் பொருந்தாது. ஒட்டு அதிகமுள்ள கட்டமும் ஒட்டில்லாத கட்டமும் பக்கம் பக்கமாக வரும்போது உண்மை வெளிவந்துவிடும்.

மெஷினில் அந்த அளவைப் பிடிக்க ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். பக்கவாட்டில் சிறு தகடு பொருத்திய கால் இஞ்ச் கால் கடைகளில் விற்கிறது. துணி அந்தத் தகட்டை உரசிக்கொண்டு போகும். அம்மையாருக்குப் பிடித்தது டேப். தெளிவான பிளாஸ்டிக் ஸ்கேலைக் காலுக்கு அடியில் வைத்து, கைச்சக்கரத்தை மெல்லச் சுற்றி ஊசியை இறக்கி, ஊசிமுனை கால் இஞ்ச் கோட்டைத் தொட்டும் தொடாமலும் ஸ்கேல் ஓரத்தை ஒட்டிய பக்கமாக நிற்கும்படி செய்தார். ஸ்கேலின் ஓரத்தை ஒட்டி மெஷின் தட்டின் மேல் பெயின்டர் ஒட்டும் நீல டேப்பை ஒட்டினார். பல அடுக்காக ஒட்டியதால் அது ஒரு சிறு மதில்போல் ஆகிவிட்டது. துணி அதைத் தாண்டிப் போகாது. “ஊசியைப் பார்க்காதே, ஹனி. டேப்பைப் பார். ஊசி தன் வேலையைத் தானே செய்யும்.” அவர் சொன்னவற்றில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான். ஊசி இறங்குகிற இடத்தையே பார்த்துத் தைப்பவர்களின் கை ஊசியோடு சேர்ந்து ஆடுகிறது.

புது மெஷின்களில் ஒரு சிக்கல் இருப்பதையும் அங்கேதான் பார்த்தேன். ஒன்பது மில்லிமீட்டர் அகலத்துக்கு அலங்காரத் தையல் போடும் மெஷின்களில், அடியில் துணியைத் தள்ளும் பல் வரிசைகள் தள்ளித் தள்ளி இருக்கும். கால் இஞ்ச் ஓரத்தில் தைக்கும்போது வலப்பக்கப் பல்லின் மேல் துணி பாதிதான் படும். இடப்பக்கம் முழுப் பிடி, வலப்பக்கம் அரைப் பிடி. பட்டையின் கடைசி ஒரு இஞ்ச்சில் துணி திரும்பிவிடுகிறது. அதோடு, ஊசித்தட்டில் நீளமான துளை இருந்தால் துண்டின் மூலையை ஊசி அந்தத் துளைக்குள் இழுத்துக்கொள்ளும். தட்டை மாற்றி ஒற்றைத் துளைத் தட்டு போட்டால் அது நின்றுவிடும். எப்போதுமே, வேண்டாத ஒரு துண்டுத் துணியில் தையலைத் தொடங்கி, அதை அறுக்காமல் அப்படியே வேலைத் துண்டுக்குப் போவார்கள். ஒரு ஜோடி முடிந்ததும் நூலை வெட்டாமல் அடுத்த ஜோடி. மேசைக்குப் பின்னால் தைத்த துண்டுகள் நூலில் கோத்துச் சரம் சரமாக விழுந்துகொண்டிருக்கும்.

வகுப்பில் இருந்தவர்களில் பாதிப்பேர் கொண்டுவந்திருந்தது கறுப்பு நிறத்தில், பெட்டிக்குள் அடங்கும் சின்ன சிங்கர் ஃபெதர்வெயிட். 221 மாடல். 1933-இல் வந்தது. அலுமினிய உடம்பு, எடை சுமார் ஐந்து கிலோ. நேர்த்தையலைத் தவிர வேறு எதுவும் போடாது. அதுவே அதன் பெருமை. துளை ஒன்றே ஒன்று, பல் வரிசைகள் நெருக்கம், குறுகிய கால். துணி இம்மி விலகாமல் போகிறது. கணினி பொருத்திய, பல லட்ச ரூபாய் மெஷின்களை வீட்டில் வைத்துக்கொண்டு, துண்டு இணைக்க மட்டும் பாட்டி காலத்து ஃபெதர்வெயிட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்தேன். அவர்கள் செய்வது சரியென்றே நினைக்கிறேன்.

இஸ்திரி போடுவதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. தேய்ப்பதில்லை, தூக்கி வைத்து, தூக்கி வைத்து அமுக்குகிறார்கள். இழுத்துத் தேய்த்தால் குறுக்கு இழை நீண்டுவிடும். முதலில் தைத்த நிலையிலேயே ஓர் அமுக்கு. நூல் துணிக்குள் அமர்கிறது. பிறகு திறந்து, அடர்நிறத் துணி பக்கமாகச் சாய்த்து இன்னொரு அமுக்கு. அடுத்த வரிசையில் எதிர்ப்பக்கம் சாய்ப்பார்கள். இரண்டு வரிசைகளையும் முகம் பார்க்க வைத்தால் சாய்ந்த தையல்கள் ஒன்றுக்குள் ஒன்று போய் முட்டி நிற்கும். கட்டை விரலால் தடவிப் பார்த்தால் மேடு இல்லை. குண்டூசி குத்த வேண்டிய அவசியமே இல்லாமல் அந்த முனை சேர்ந்துவிடுகிறது.

நட்சத்திர முனைகளைத் தைப்பதைப் பார்த்தபோதுதான் மலைத்துப்போனேன். முக்கோணங்களைச் சேர்த்த பிறகு பின்பக்கம் திருப்பினால், இரண்டு தையல்கள் குறுக்கே வெட்டி ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கும். அடுத்த தையல் அந்தக் குறியின் நடுப்புள்ளிக்கு ஒரே ஒரு நூல் வெளியே, ஓரத்துப் பக்கமாக, போக வேண்டும். உள்ளே போனால் முன்பக்கம் நட்சத்திரத்தின் முனை வெட்டுப்பட்டு மழுங்கிவிடும். அதிகம் வெளியே போனால் முனை ஓரத்தைத் தொடாமல் மிதக்கும். அம்மையார் மெஷினை மெதுவாக்கி, ஊசி அந்த இடத்தைக் கடக்கும்வரை மூச்சுகூட விடாமல் இருந்தார். திருப்பிக் காட்டினார். மஞ்சள் முனை நீலத் துணியின் தையலைத் தொட்டு நின்றது, கூர்மையாக.

மறுநாள் ஹான்காக்ஸ் என்ற துணிக்கடைக்குப் போனேன். உலகெங்கும் இருந்து க்வில்ட் தைப்பவர்கள் தேடி வரும் கடை. அடுக்கடுக்காகத் துணிச் சுருள்கள். அவற்றில் பழங்காலச் சாயத்துணி வடிவங்களை மறுபடி அச்சிட்ட ரகங்களும் இருந்தன. கொடியும் பூவுமாக, நடுவில் ஒரு மரம். அந்த வடிவம் நமக்குப் புதிதல்ல. 18-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் கையால் எழுதிச் சாயமேற்றிய பருத்தித் துணிகள் கப்பலேறிப் போய், அமெரிக்கப் பெண்களின் படுக்கை விரிப்புகளில் இடம் பிடித்தன. அவற்றின் பூக்களை ஒவ்வொன்றாகக் கத்தரித்து வேறொரு துணியில் ஒட்டித் தைத்தார்கள். விலை அதிகமான அந்தத் துணியில் ஒரு சிறு துண்டையும் வீணாக்கவில்லை. எழுதியவர்களின் பெயர் எந்த விரிப்பிலும் இல்லை. ஆனாலும் அந்தச் சுருள்களுக்கு நடுவில் நான் அந்நியமாக நிற்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கால் இஞ்ச் பார்க்காத க்வில்ட்டும் இருக்கிறது. அலபாமா மாநிலத்தின் கீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பினப் பெண்கள், பழைய வேலை உடுப்புகளையும் கிழிந்த ஜீன்ஸ்களையும் கண்ணளவில் வெட்டித் தைத்த போர்வைகள் 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் வரை போயின. 2006-இல் தபால் தலையிலும் வந்தன. அவற்றில் கோடு சாயும், கட்டம் வளையும், அந்தச் சாய்விலேயே உயிர் இருக்கும். அந்த அழகுக்கு முன் படூகாவின் நட்சத்திரங்களைக் குறைத்தோ கூட்டியோ சொல்ல மாட்டேன். கீஸ் பெண்ட் பெண்கள் துணி விட்ட வழியில் வடிவத்தைக் கொண்டுபோனார்கள். படூகாவில் வடிவம் முதலிலேயே முடிவாகிவிடுகிறது, துணி அதற்கு அடங்கி வர வேண்டும். எட்டு முனை நட்சத்திரம் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு தைக்க உட்காருபவருக்குக் கால் இஞ்ச்சை விட்டால் வேறு வழி கிடையாது.

நம் ஊரில் மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கும் பழைய உஷா, சிங்கர் மெரிட் கறுப்பு மெஷின்களும் நேர்த்தையல் மட்டும் போடுபவைதான். ஒற்றைத் துளைத் தட்டுதான். படூகாவுக்குப் பல ஆயிரம் மைல் தாண்டி வந்தவர்கள் தேடிப் பிடித்து வைத்திருக்கும் குணம் அவற்றில் ஏற்கனவே இருக்கிறது. துடைத்து எண்ணெய் விடுங்கள். தையல்காரர் கடையில் கேட்டால் பருத்தித் துணுக்கு கிடைக்கும். ஒன்றரை இஞ்ச்சில் மூன்று பட்டை வெட்டித் தைத்து, அமுக்கி, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். ஒரு இஞ்ச் வரவில்லையென்றால் டேப்பை ஒரு நூல் நகர்த்தி ஒட்டி, மறுபடியும் தையுங்கள்.